ஏழு மேடு தெரியவில்லையா? முதலில் விண்டோவை மாற்றுங்கள்

காட்பாடியிலிருந்து எழுதுகிறீர்களா, நான் பக்கத்தில் சத்துவாச்சாரிதான். செல் சவ்வில் இருக்கும் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்துக்குக் கைட்-டூலிட்டில் வரைபடம் (வரிசையில் எங்கெங்கே நீரை வெறுக்கும் பகுதி என்று காட்டும் படம்) போட்டால், சவ்வைக் கடக்கும் ஏழு ஹெலிக்ஸும் (சுருளும்) ஏழு மேடாகத் தெரியாமல் முள்வேலி மாதிரி வருகிறது என்கிறீர்கள். விண்டோவை, அதாவது ஒரு சராசரிக்கு எடுக்கும் அடுத்தடுத்த அமினோ அமிலங்களின் எண்ணிக்கையை, 7 என்று வைத்திருக்கிறீர்களே, அதுதான் காரணம். சவ்வின் கொழுப்புப் பகுதி ஏறக்குறைய 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன், ஹெலிக்ஸில் ஒரு அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம்தான் ஏறும், அப்படியானால் குறுக்கே கடக்க இருபது வரை வேண்டுமல்லவா, அதனால்தான் 19 வைக்கிறார்கள். 19 வைத்துச் சராசரி 1.6ஐத் தாண்டும் மேடுகளை மட்டும் பாருங்கள். புரதத்தில் இரண்டு ஹெலிக்ஸை இணைக்கும் வளைவு ரொம்பக் குட்டையாக இருந்தால் இரண்டும் ஒரே மேடாக ஒட்டித் தெரியலாம், பயப்படாதீர்கள்.

அப்புறம் உங்கள் பைத்தான் நிரலில் இன்னொன்று கண்ணில் பட்டது. முதல் சராசரியை எண் 1க்கு நேராக வைத்திருக்கிறீர்கள். விண்டோ 19 என்றால் அது 10ஆவது அமினோ அமிலத்துக்கு உரியது, இல்லாவிட்டால் படம் முழுக்க ஒன்பது இடம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். நானும் இதில் இரண்டு நாள் தொலைத்தேன்.

அமினோ அமிலங்களுக்கான கைட்-டூலிட்டில் மதிப்பெண் அட்டவணையையும் சரிபாருங்கள்: ஐசோலூசின் 4.5, ஆர்ஜினின் -4.5. ஹாப்-வுட்ஸ் அளவுகோல் நீரை விரும்பும் தன்மையை அளப்பது, அதில் குறி தலைகீழ், இரண்டையும் கலக்க வேண்டாம். மாற்றிப் பார்த்துவிட்டுப் புதுப் படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.