வட்டி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: 2021-ல் கிரிப்டோ டிரேடிங்கில் இறங்கி, விலை ஏறும்போது வாங்கி இறங்கும்போது பயந்து விற்றே போட்ட பணத்தில் பாதியைத் தொலைத்துவிட்டேன். மிச்சத்தை, டாலர் மதிப்பிலேயே நிற்கும் என்று சொல்லப்படும் ஸ்டேபிள்காயினாக மாற்றி, வங்கி இல்லாமல் புரோகிராம் வழியாகவே கடன் கொடுத்து வாங்கும் டீஃபையில் போட்டால் 12 சதவீதம் வட்டி வரும் என்கிறார் நண்பர். டாலர் மதிப்புதானே, பயமில்லை அல்லவா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பயம் இருக்கிறது சார், ஆனால் வேறு மாதிரி பயம். ஸ்டேபிள்காயின் என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்களே தவிர, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றல்ல. யுஎஸ்டிசி மாதிரியானவற்றில் ஒரு நிறுவனம் டாலரையும் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களையும் கையில் வைத்துக்கொண்டு காயினை வெளியிடுகிறது. 2023 மார்ச்சில் அதன் இருப்பில் 330 கோடி டாலர், திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டது தெரிந்ததும் விலை 90 சென்ட்டுக்குக் கீழே போனது. டெபாசிட்டுகளுக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகுதான் பழைய விலைக்கு வந்தது.

டாய் என்ற ஸ்டேபிள்காயின் வேறு ரகம், நம் ஊர் நகைக்கடன்தான். ஈதர் என்ற கிரிப்டோ காயினை 150 டாலருக்கு அடகு வைத்தால் 100 டாலருக்கு டாய் கிடைக்கும், ஈதர் விலை வரம்புக்குக் கீழே இறங்கினால் புரோகிராமே ஏலம் விட்டுவிடும். அடகுக்கடைக்காரரிடமாவது ஒரு வாரம் தவணை கேட்கலாம், இங்கே கெஞ்சுவதற்கு ஆள் கிடையாது. 2020 மார்ச் 12 அன்று ஈதர் விலை ஒரே நாளில் சரிந்து நெட்வொர்க்கும் நெரிசலில் திணறியபோது, சிலருடைய அடகுப் பொருள் கிட்டத்தட்ட ஓசியிலேயே ஏலம் போனது.

மூன்றாவது ரகத்துக்கு உதாரணம் டெர்ரா என்ற கிரிப்டோ திட்டத்தின் யுஎஸ்டி (UST) காயின். பின்னால் டாலரும் இல்லை, போதுமான அடகும் இல்லை, லூனா என்ற இன்னொரு காயின்தான் முட்டுக்கொடுத்தது. ஆங்கர் என்ற டீஃபை தளம் அதற்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதாமல், டெர்ரா தரப்பே நிதி போட்டுத் துண்டை நிரப்பிக்கொண்டிருந்தது. 2022 மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டு காயினும் படுத்துவிட்டன. அதை வாங்கியவர்களில் பலரும் சூதாட வந்தவர்கள் இல்லை, உங்களைப் போல இனி பத்திரமாக இருக்கலாம் என்று நினைத்தவர்கள்தான்.

அதனால் நண்பரிடம், அந்த 12 சதவீதத்தை யார், எதற்காகக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அடகு வைத்துக் கடன் வாங்கியவர் கட்டுகிறார் என்றால், அடகு என்ன, எந்த விலையில் ஏலம் போகும் என்று பாருங்கள். தளமே தன் சொந்த டோக்கனை, அதாவது தானே உருவாக்கிய காயினை, அச்சடித்து வட்டி என்று கொடுத்தால், அதன் விலையும் ஏறி இறங்கும், நீங்கள் விட்டுவந்த அதே டிரேடிங்தான் அது. பதில் சொல்ல அவர் திணறினால் பணத்தைப் போடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கையில் இருக்கும் காயினை ஸ்டேபிள்காயினாக மாற்றுவதே இந்தியாவில் விற்பனைக் கணக்குத்தான். லாபத்தில் இருக்கும் காயினுக்கு 30 சதவீத வரி உண்டு. மற்ற காயினில் பட்ட நஷ்டத்தை அதில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. இது போக 1 சதவீத டிடிஎஸ் வேறு இருக்கிறது. மாற்றுவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.