கோட்டை எங்கே, அம்மப்பா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இங்கிலாந்தின் மோல்வேர்ன் மலைகளில் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். யூலையில் பேர்மிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, மருமகனை நச்சரித்து அங்கே கூட்டிக்கொண்டு போகச் செய்தேன். 'பிரிட்டிஷ் காம்ப்' என்ற பழங்கோட்டை இருப்பதாக நீங்கள் சொன்ன அதே மலை. முழங்கால் நோவோடு உச்சிவரை ஏறினேன். மேலே மதில் இல்லை, வாசல் இல்லை, அடுக்கிவைத்த ஒரு கல்கூட இல்லை. புல் மூடிய வரம்புகளும் பள்ளங்களும்தான். பேத்தி "கோட்டை எங்கே, அம்மப்பா?" என்று கேட்டாள். மருமகன் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இதைவிடப் பெரிய குளக்கட்டுகளில் நின்று வேலை வாங்கியிருக்கிறேன். அவற்றைப் பார்க்க யாரும் காசு கட்டிக் கார் நிறுத்துவதில்லை. வெள்ளைக்காரனுடைய மண்மேடு என்றால்தான் எங்கள் எழுத்தாளர்களுக்கு மண் அழகாகத் தெரியுமோ? காட்சி நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. காட்சிக்கு நுவரெலியா போதாதா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

(பெயர் தவிர்த்திருக்கிறேன்)
வெள்ளவத்தை

*

அன்புள்ள ஐயா,

கோபமில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான், இந்தக் கோட்டைகளைப் பற்றி எழுத வேண்டியவர் நானல்ல, நீங்கள் என்று பட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேத்திக்குப் பதில். கார் நிறுத்திய இடத்திலிருந்து மேலே பார்த்தபோது அந்த மலை படிப்படியாக, அடுக்கு வைத்ததுபோலத் தெரிந்திருக்குமே. இயற்கையான மலைக்கு அப்படி விளிம்பு வராது. அந்தப் படிகள்தான் கோட்டை. 338 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையைச் சுற்றி வளைத்து, அதன் தலையையே ஆட்கள் வெட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். ரோமானியர் வருவதற்கு முந்திய இரும்புக் காலத்து வேலை. ஆக உச்சியில் இருக்கும் சின்ன வட்ட மேடு மட்டும் பிந்தியது. ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, பிரான்சிலிருந்து வந்த நோர்மானியர் பழைய கோட்டைக்குள் தங்களுக்கென்று எழுப்பிய குட்டிக் கோட்டை அது. அதிலும் இப்போது மண்தான் மிச்சம்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். குளக்கட்டு கட்டும்போது மண்ணை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு தூரம் சுமப்பது என்பதுதான் முதல் கணக்கு, இல்லையா? மலைக்கோட்டைக்காரன் அந்தக் கணக்கை ஒரே வெட்டில் தீர்த்துவிட்டான். அகழி வெட்டினால் மண் வருகிறது, அந்த மண்ணைப் பக்கத்திலேயே குவித்தால் மதில். மூன்று மீட்டர் தோண்டி மூன்று மீட்டர் குவித்தால், கீழே நிற்கிற எதிரிக்கு ஆறு மீட்டர். மேலே மரக்கம்புகளை நட்டு ஒரு வேலி. புல்டோசர் கிடையாது, கூடையும் தோளும்தான். எங்கள் பக்கத்துக் கடகம் அங்கே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஒரு குளக்கட்டை இரண்டாயிரம் வருடம் யாரும் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மாரியில் உடைப்பெடுத்துப் போய்விடும் என்பீர்கள். அங்கே உடைக்கத் தண்ணீர் இல்லை. வேலி உக்கிப்போனது, வரம்பின் தலை சரிந்தது, சரிந்த மண் அகழியைப் பாதிக்கு நிரப்பியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் முளைத்தது. மற்றபடி உருவம் தப்பிவிட்டது. நீங்கள் நின்று பார்த்தது தேய்ந்த கோட்டை. அந்தச் சரிவிலிருந்து பழைய உயரத்தை மனத்தால் திருப்பிக் கட்டக்கூடிய கண் உங்களுடையது. எனக்கு அந்தக் கண் கிடையாது. நான் காலால்தான் கண்டுபிடித்தேன், அதுவும் விழுந்து.

தெற்கே டோர்செட்டில் மெய்டன் காசில் என்று ஒன்று இருக்கிறது. 47 ஏக்கர். பிரித்தானியாவின் ஆகப்பெரிய மலைக்கோட்டைகளில் ஒன்று. முதல்முறை போனபோது நல்ல வெயில், உச்சிப் பொழுது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பச்சைப் போர்வையைச் சுருட்டி எறிந்ததுபோலக் கிடந்தது. பாதை சுற்றிக்கொண்டு போகிறதே என்று குறுக்கே வரம்பில் ஏறினேன். காலில் கொழும்பில் வாங்கிய தட்டை அடிச் சப்பாத்து. மூன்றாவது வரம்பில் வழுக்கி, போன வழியிலேயே அகழியின் அடிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது சுற்றிலும் புல்லும் வானமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலேயிருந்து ஒருவன் கல்லெறிந்தால் ஒளிய இடமில்லை. 'கோட்டை எங்கே' என்ற கேள்வி அப்போதே தீர்ந்தது.

கல்லெறிவது என்றது பேச்சுக்கு அல்ல. அங்கே கவண்கற்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன, மொத்தம் இருபதாயிரத்துக்கும் மேல். கடற்கரையில் பொறுக்கி, மலைக்குச் சுமந்து வந்த கூழாங்கற்கள். தினைப்புனத்தில் கிளி விரட்டுவதற்குக் கவண் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, அந்தச் சொல் சற்றுக் கனத்துவிட்டது.

அந்தக் கற்கள் கிடைத்த அகழ்வை நடத்தியவர் மோர்ட்டிமர் வீலர், 1934 முதல் 1937 வரை. பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்து, 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி ரோமானியப் பாண்டங்களை எடுத்தாரே, அதே மனிதர்தான். மெய்டன் காசிலின் வாசலில் அவர் கண்ட எலும்புக்கூடுகளில் ஒன்றின் முள்ளந்தண்டில் இரும்பு முனை ஒன்று குத்தி நின்றது. கி.பி. 43இல் ரோமானியப் படை வந்து ஒரே நாளில் வெட்டிப்போட்டவர்களின் இடுகாடு இது என்று வீலர் எழுதினார். கதை பிடித்துக்கொண்டது. 2025இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எலும்புகளின் காலத்தைத் திரும்பக் கணித்தார்கள். அவர்கள் ஒரே நாளில் செத்தவர்கள் அல்ல. பல பத்தாண்டுகளில், பெரும்பாலும் ரோமானியர் வருமுன்பே, உள்ளூர்ச் சண்டைகளில் செத்தவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். வெளியே இருந்து வந்த எதிரியைப் பற்றிய கதையை எல்லாருக்கும் பிடிக்கிறது. எங்களுக்கும்தான்.

மோல்வேர்னிலும் அப்படி ஒரு கதை உண்டு. கரட்டாக்கஸ் என்ற அரசன் ரோமானியரோடு கடைசிச் சண்டை போட்டது அந்த மலையில்தான் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்கிற போர்க்களத்தில் ஓர் ஆறு ஓடுகிறது, அந்த ஆற்றை அங்கே பொருத்த முடியவில்லை. ஆனால் கரட்டாக்கஸை ஒரு ராணி பிடித்து ரோமானியர் கையில் கொடுத்தாள் என்பது நிசம். உங்களுக்கு வன்னியில் ஆங்கிலேயரோடு பொருதிய பண்டாரவன்னியன் கதையும், அவனைக் காட்டிக்கொடுத்தான் என்கிற காக்கை வன்னியன் பெயரும் நினைவுக்கு வந்திருக்கும்.

சரி, காட்சிக்கு நுவரெலியா போதாதா என்று கேட்டீர்கள். போதாது. நுவரெலியாவை எவ்வளவு விரும்பினாலும், அது ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிற ஊர். சுற்றிலும் மலைதான் உங்களைப் பார்க்கிறது. பிரிட்டிஷ் காம்பின் உச்சியில் கிழக்கே செவேர்ன் ஆற்றுச் சமவெளி, வயல் வயலாக, வேலி வேலியாக. மேற்கே திரும்பினால் ஹெரிபோர்ட்ஷயர் மடிப்பு மடிப்பாகப் போய் வேல்ஸ் மலைகளில் முட்டுகிறது. தெற்கே பார்த்தால் மிட்சமர் ஹில், அதிலும் இன்னொரு கோட்டை. அந்தக் காட்சிக்காகத்தான் அங்கே மண் வெட்டினார்கள். மாடு மேய்கிற இடம், புகை எழுகிற இடம், அயலான் அசைகிற இடம், எல்லாம் அங்கிருந்து தெரியும். கீழே இருக்கிறவனுக்கும் அந்த மலை எந்நேரமும் தெரியும். சுண்ணப்பாறை மலையென்றால் புதிதாக வெட்டிய அகழி வெள்ளை வெளேரென்று பல மைல்களுக்கு அப்பால் மின்னியிருக்கும். பயமுறுத்த அதைவிட மலிவான வழி இல்லை. காட்சி நன்றாக இருந்தது என்று நீங்கள் ஒப்புக்கொண்டபோதே கோட்டையில் பாதியை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. நீர்ப்பாசனக்காரர் எப்படி அதை விட்டீர்கள் என்று எனக்கு ஆச்சரியம். மேலே தண்ணீர் எங்கே? சீகிரியாவில் உச்சியில் குளம், அடியில் நீர்த்தோட்டம், கண்ட இடமெல்லாம் தண்ணீர். இந்தக் கோட்டைகளில் அநேகமானவற்றுக்குள் ஊற்றும் இல்லை, கிணறும் இல்லை. (உச்சியிலிருந்து ஒரு சின்ன நீர்த்தேக்கம் தெரிந்திருக்கும். ஏமாற வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது.) அப்படியானால் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கியிருக்க முடியாது. அதனால்தான் இவை எல்லாமே போருக்கென்று கட்டியவை என்று இப்போது யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஹாம்ப்ஷயரில் டேன்பரி என்ற கோட்டையைத் தொல்லியலாளர் பரி கன்லிஃப் 1969 தொடக்கம் இருபது கோடைகள் தோண்டினார். ஆயிரக்கணக்கில் தானியக் குழிகள் வந்தன. நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பதுபோல, கோதுமையையும் பார்லியையும் சுண்ணப்பாறைக்குள் குழி வெட்டி மூடிவைத்திருக்கிறார்கள். கோட்டை என்றால் கொத்தளம் என்றே பழகிய எனக்கு, அது ஒரு தானியக் களஞ்சியமாகவும் சந்தையாகவும் இருந்திருக்கலாம் என்ற நினைப்பே பிடித்திருக்கிறது. பிரிட்டிஷ் காம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைத் தளங்கள் சரிவில் சின்னச் சின்னத் தட்டைகளாக இருக்கின்றன. உங்கள் பேத்தி அவற்றில் ஒன்றில்தான் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டிருப்பாள்.

அடுத்த முறை போனால் மார்கழி, தையில் போங்கள். யூலை நடுப்பகலில் புல்லும் பன்னமும் உயர்ந்து வெயிலும் உயரே நிற்க, வரம்புகள் சரியாகத் தெரியாது. குளிர்காலத்தில் மூன்று மணிக்கே சூரியன் சரிந்துவிடும். அப்போது ஒவ்வொரு அகழியும் கறுப்பாக எழுந்து வரும். முழங்கால் ஒத்துழைத்தால், பேத்தியை ரீக்கின் என்ற மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேர்மிங்ஹாமிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் அளவில். அந்தக் கோட்டைக்கு இரண்டு வாசல். முதலில் வருவது நரக வாசல், அதைத் தாண்டி மேலே போனால் சொர்க்க வாசல். நான் வைக்கவில்லை, அவர்கள் வைத்த பெயர். ஏகாதசிக்கு விழிக்காமலே சொர்க்க வாசலுக்குள் போய் வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னபோது அவ சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நேரே சொல்லாமல் வளைத்து வளைத்துப் பேசுகிறவனை 'ரீக்கினைச் சுற்றிப் போகிறான்' என்பார்கள். நாங்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவோம், அவர்கள் மலையைச் சுற்றுகிறார்கள்.

நானும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளைக்காரன் மண் என்று நீங்கள் சொன்னது சுட்டது. பாதி உண்மை என்பதால் சுட்டது. நான் கொழும்பை ஒட்டிய கோட்டே பக்கத்தில் குடியிருக்கிறேன். அங்கே 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற அமைச்சர் எழுப்பிய மதிலின் மிச்சம், கபுக்கல் என்கிற செம்பாறைக் கல்லும் மண்ணுமாக, வீடுகளின் பின்வளவுகளை ஒட்டி இன்னும் கிடக்கிறது. வெளியே அகழியின் தடமும் உண்டு. யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் திறை வாங்கும் ஆட்களைத் தடுக்கக் கட்டிய கோட்டை அது. எங்கள் ஆட்களுக்குப் பயந்து கட்டிய மதிலுக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். ஒரு வரி எழுதியதில்லை.

கொழும்பில் நாங்கள் எல்லாருமே அப்படித்தான். கோட்டை ஸ்டேஷனில் இறங்கிப் புறக்கோட்டையில் சாமான் வாங்குகிறோம். கோட்டை எங்கே? போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய மதிலை 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். டெல்ஃப்ட் வாசல் மட்டும் ஒரு வங்கிக் கட்டடத்துக்குள் நிற்கிறது. கோட்டே பக்கத்தில் 'பிட்டகோட்டே' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அதுவும் சிங்களத்தில் புறக்கோட்டைதானே என்று தோன்றும். இல்லாத மதிலுக்கு உள்ளும் வெளியும் இரண்டு மொழியிலும் வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு ஒரு யோசனை. கண்டி ரயிலில் பலன என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கடுகண்ணாவைக்கு முன்னால். அதற்கும் முன்னால் வருவது இஹலகோட்டே, அதாவது மேல்கோட்டை. பலன என்றால் சிங்களத்தில் பார்ப்பது, பார்க்கிற இடம். கண்டி இராச்சியத்தின் வாசற்காவல் அது. போர்த்துக்கேயர் திரும்பத் திரும்ப மோதிய இடம். மலைமேலே கற்கட்டின் அடிவரிசைகள் கிடக்கின்றன. கீழே பள்ளத்தாக்கு முழுவதும், தூரத்தில் பத்தலேகல மலையின் தட்டைத் தலையும். மோல்வேர்னைப் போலவே அங்கேயும் பேத்தி கோட்டை எங்கே என்றுதான் கேட்பாள்.

அவர்கள் விடுமுறைக்கு வரும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். கடுகதி ரயில் அங்கே நிற்காது, மெதுவாகப் போகிறதில்தான் ஏற வேண்டும், அதனால் விடியவே கோட்டை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். அளவு நாடா இன்னும் வைத்திருந்தால் கொண்டுவாருங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் என் பொறுப்பு.