முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

நெடுங்காலம் முதுகுவலியால் அவதிப்பட்டு, இறுதியில் முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வாசகர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் உறவினர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு மறுவாழ்வு மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது 52. தையல் தொழில் செய்கிறேன். ஒன்பது வருடமாக இடுப்புவலி. நான்காவது எலும்பு ஐந்தாவது எலும்பின்மேல் முன்பக்கமாக நகர்ந்து நரம்பை நெரிக்கிறது என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். காலில் சுண்டி இழுத்த வலி மறுநாளே போய்விட்டது. ஆனால் இடுப்புவலி இருக்கிறது. வலது பாதம் மரத்தே கிடக்கிறது. ஒருநாள் நன்றாக இருந்தால் மறுநாள் எழவே முடியவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டதா டாக்டர்?
வாசகி, ஈரோடு

அம்மா, நீங்கள் எழுதியுள்ள விவரங்களில் அறுவை தோற்றுவிட்டது என்று கருதுவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. காலில் இழுத்த வலி மறுநாளே மறைந்தது, நரம்பின் மேலிருந்த நெருக்கடி நீங்கிவிட்டது என்பதைக் காட்டும் நல்ல செய்தி. இடுப்புவலி அதே வேகத்தில் போகாததற்குக் காரணம், அது வேறு வழியில் ஆறவேண்டிய வலி என்பதுதான்.

அறுவை அரங்கில் மருத்துவர்கள் செய்தது பாதி வேலை. மீதியை உங்கள் உடல் செய்துகொண்டிருக்கிறது. நகர்ந்த எலும்பை இருபுறமும் ஸ்க்ரூக்களாலும் டைட்டானியம் கம்பிகளாலும் பிடித்து நிறுத்தி, எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கூண்டைப் பொருத்தி, அதிலும் சுற்றிலும் உங்கள் எலும்பின் துகள்களையே நிரப்பியிருப்பார்கள். இரண்டு எலும்புகளையும் நிரந்தரமாக ஒன்றாக்கப்போவது அந்தத் துகள்களிலிருந்து உருவாகும் புதிய எலும்புதான். தளம் போட்ட கான்கிரீட் இறுகும்வரை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார்களே, ஸ்க்ரூவும் கம்பியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. புதிய எலும்பு ஓரளவு உறுதிப்பட மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். முழுமையாக முதிர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே இரண்டாவது மாதத்தில் வெற்றி தோல்வி பற்றித் தீர்ப்புச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது.

இந்த அறுவை 1911ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ரஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீ என்ற இரு மருத்துவர்களால் தனித்தனியாகத் தொடங்கப்பட்டது. முதுகெலும்பில் காசநோய் தாக்கியவர்களுக்காக அவர்கள் இதைச் செய்தார்கள். பிடித்து நிறுத்த ஸ்க்ரூவோ கம்பியோ இல்லாத அந்தக் காலத்தில், எலும்பு சேரும்வரை நோயாளிகள் நெடுநாள் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது. நீங்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து நடக்க முடிந்தது அந்த உலோகப் பிடிப்பின் தயவால்தான். ஆனால் எலும்பு வளரும் வேகம் அன்றிருந்ததேதான் இன்றும்.

இடுப்பில் இப்போது நீங்கள் உணரும் வலியில் பெரும்பங்கு தசைகளுடையது. முதுகெலும்பை ஒட்டியுள்ள ஆழமான தசைகளை விலக்கித்தான் எலும்பை அடைந்திருப்பார்கள். அவையோ ஒன்பது ஆண்டு வலியில் ஏற்கெனவே மெலிந்து போயிருந்தவை. இப்போது அவை ஆறவும் வேண்டும், வலுப்பெறவும் வேண்டும். ஒருநாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது இந்தக் கட்டத்தின் இயல்பு. நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலைகளையெல்லாம் முடித்துவிட முனைவதால்தான் பெரும்பாலும் மறுநாள் முடக்கம் வருகிறது. நேற்றோடு இன்றை ஒப்பிடாமல், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதத்தின் மரமரப்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். நசுங்கிய நரம்பு இழை மீண்டும் வளரவேண்டி இருந்தால், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம்வரை உள்ள தொலைவை நினைத்துப் பாருங்கள். நெடுநாள் நெரிபட்டிருந்த நரம்பில் சிலருக்கு மரமரப்பு ஓரளவு நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்காக அறுவை வீண் என்றாகிவிடாது. தையல் இயந்திரத்தின் முன் உட்காருவதை இப்போதைக்கு 20, 30 நிமிடங்களுக்கு மேல் நீட்டாதீர்கள். எழுந்து சிறிது நடந்துவிட்டு வந்து அமருங்கள். மிதியை அழுத்தும் காலில் உணர்வு குறைவாக இருப்பதால், மோட்டார் இயந்திரமானால் வேகத்தைக் குறைத்து வைத்துப் பழகுங்கள்.

லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வயது 41. ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை. வேலைக்குப் போகலாமா? பைக் ஓட்டலாமா? பீடி குடிப்பதை நிறுத்தியே ஆகவேண்டுமா?
வாசகர், மதுரை

முதல் கடிதம் எழுதிய அம்மாவைவிட எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை அதிகம். வலி போய்விட்டதாலேயே எலும்பு சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஐந்தாவது வாரத்தில் உங்கள் முதுகைத் தாங்கி நிற்பது முழுக்க முழுக்க உலோகம். எலும்பு சேர்வதற்குள் அதன்மேல் திரும்பத் திரும்பப் பாரம் ஏறினால் ஸ்க்ரூ தளரலாம், கம்பி முறியலாம், எலும்பு சேராமலே போகலாம். அப்படியானால் இன்னொரு அறுவை, முன்னதைவிடக் கடினமானது.

குனியாமை, பாரம் தூக்காமை, இடுப்பைத் திருகாமை ஆகிய மூன்றும் முதல் மூன்று மாதங்களுக்கு உங்கள் வேலை. முதல் ஆறு வாரங்களில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். நிரம்பிய தண்ணீர்க் குடம் 15 கிலோ வரும், 25 கிலோ அரிசி மூட்டையைச் சொல்லவே வேண்டாம், வீட்டுச் சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. வீட்டில் யாரும் இல்லை என்பதற்காக இவற்றில் கைவைத்துவிடாதீர்கள். கார் ஓட்டப் பலருக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு அனுமதி கிடைக்கும். பைக்குக்கு மூன்று மாதமாவது பொறுக்கச் சொல்வேன், ஏனெனில் நம் சாலைகளின் பள்ளமும் வேகத்தடையும் அதிர்ச்சியை நேராக இடுப்பில்தான் இறக்குகின்றன.

உங்கள் தொழிலுக்குத் திரும்பக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு மாதங்கள் ஆகும். அதுவும் எக்ஸ்-ரே பார்த்து, தசைப்பயிற்சி முடித்து, அறுவை மருத்துவர் ஒப்பிய பிறகு. தினக்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இடைக்காலத்தில் கணக்கெழுதுவது, சரக்கு எண்ணுவது போன்ற வேலை கிடைக்குமா என்று முதலாளியிடமும் சங்கத்திடமும் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழில் எடை வரம்பைக் குறிப்பிட்டு எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பீடி விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நிக்கோட்டின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, புதிய எலும்பு உருவாகும் இடத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான். எலும்பு சேரும்வரையாவது ஒன்றுகூட வேண்டாம். அதற்குள் பழக்கமே விட்டுப்போனால் நுரையீரலும் இதயமும் சேர்ந்து பிழைக்கும்.

என் மாமியாருக்கு வயது 63. சர்க்கரை நோய் உண்டு. ஆபரேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது. முட்டை, மீன், கத்தரிக்காய், புளி எல்லாம் சீழ் பிடிக்கும் என்று சொல்லி உறவினர்கள் ரசம் சாதமும் ரொட்டியும்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். தையல் பிரித்ததும் எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.
வாசகி, திருவாரூர்

உங்கள் பயம் சரியானது. முதலில் உருவுகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறுவை நடந்த இடத்தைச் சுற்றி அழுத்தி உருவுவதும், நெட்டி எடுப்பதும், இடுப்பை முறுக்கி விடுவதும் ஆறிக்கொண்டிருக்கும் தசையையும் சேர்ந்துகொண்டிருக்கும் எலும்பையும் கெடுக்கும். கை கால்களில் மென்மையாக எண்ணெய் தடவிவிடுவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ இருந்தால் அங்கும் கைவைக்கக் கூடாது, அது இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும்.

பத்தியத்தைப் பொறுத்தவரை, புண்ணில் சீழ் பிடிப்பது கிருமியால், கத்தரிக்காயால் அல்ல. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உணவை மட்டும் தவிர்த்தால் போதும். ரசம் சாதமும் ரொட்டியும் மட்டுமே கொடுப்பது இரட்டைத் தீங்கு: புண் ஆறவும் தசை வளரவும் வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு, மாவுச்சத்தோ சர்க்கரையை ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு கவனமாகத் திட்டமிட வேண்டும் என்பது புரியும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும் என்பதால், அடையாகவோ களியாகவோ அளவோடு, காய்கறியோடு கொடுங்கள். வைட்டமின் டி அளவைப் பரிசோதித்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தொடருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கட்டுமீறிய சர்க்கரைதான் அறுவைப் புண்ணில் தொற்றுக்கு வழிவிடும்.

வலிநிவாரணிகளில் சில கடும் மலச்சிக்கலை உண்டாக்கும்; முக்கினால் இடுப்பில் அழுத்தம் ஏறும். தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். கடையில் தாமாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். தொடக்க வாரங்களில் அவை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற ஐயத்தால் பல அறுவை மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் அவை நல்லதல்ல.

காய்ச்சல், புண்ணில் நீரோ சீழோ கசிதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போதல், ஆசனவாயைச் சுற்றி உணர்வு மறைதல், திடீர் மூச்சுத்திணறல் என்றால் நள்ளிரவானாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. சி.டி. ஸ்கேனில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் தினமும் வலி. குனியப் பயம்; பெல்ட் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டில் எல்லோரும் இது மனப்பிரமை என்கிறார்கள். வங்கிப் பணி, வயது 47.
வாசகர், கோயம்புத்தூர்

மனப்பிரமை என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். உங்கள் வலி உண்மையானது. ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தியைப் பெற்றுவந்த தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்திக்கு மிகையாக உணர்ச்சி கொண்டவையாக மாறிவிடுகின்றன. மூலக் காரணத்தைச் சரிசெய்த பிறகும் அந்த மிகையுணர்ச்சி உடனே தணிவதில்லை. அதோடு, அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற அச்சத்தில் உடலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் தசைகள் சோர்ந்து அவையும் வலிக்கின்றன. வலிப்பதால் அச்சம் கூடுகிறது.

2003இல் வெளியான ஒரு நோர்வே ஆய்வை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் தேய்மானத்தால் நெடுநாள் முதுகுவலி உற்றவர்களில் ஒரு சாராருக்கு இணைப்பு அறுவையும், மற்றொரு சாராருக்கு முதுகை அசைப்பது ஆபத்தல்ல என்பதை விளக்கி அச்சத்தைப் போக்கும் ஆலோசனையும் பயிற்சியும் அளித்தார்கள். ஓராண்டு கழித்து இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அறுவை தேவையில்லை என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. உங்கள் எலும்பு சேர்ந்தாயிற்று, இனி உங்களுக்கு மிச்சமுள்ள சிகிச்சை அந்த இரண்டாவது சாரார் பெற்றதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அறுவை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, பெல்ட்டை நாளுக்குச் சில மணி நேரம் குறைத்துக்கொண்டே வந்து இரண்டு மூன்று வாரங்களில் விட்டுவிடுங்கள். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்கிக் குனியப் பழகுங்கள். முதல் நாள் நாற்காலியின் உயரம்வரை குனிந்தால் போதும். நடையை வலியின் அளவுப்படி இல்லாமல் நேரத்தின் அளவுப்படி வையுங்கள்: நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே 15 நிமிடம், அடுத்த வாரம் 18. தூக்கம் கெட்டிருந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போயிருந்தாலோ மனநல மருத்துவரையும் பாருங்கள். அது வலிச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இணைத்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் வேலை செய்வதால் பிற்காலத்தில் அவை தேயலாம் என்று படித்துக் கலங்கியிருப்பீர்கள். அதற்கும் நம் கையிலுள்ள காப்பு வலுவான தசையும் அளவான எடையும்தான்.

தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா? எங்கள் வீட்டில் கீழே உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது.
வாசகி, தஞ்சாவூர்

முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டும் வேண்டாம். இருக்கும் கழிப்பறையின் மேல் வைக்கும் துளையிட்ட நாற்காலி மருந்துச் சாதனக் கடைகளில் கிடைக்கும்; அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குனிந்து கோலம் போடுவது, சிறிய துடைப்பத்தால் பெருக்குவது, பைக்கின் பின்னிருக்கையில் ஒருபக்கமாகத் திரும்பி அமர்ந்து செல்வது ஆகியவற்றையும் தள்ளிப்போடுங்கள். கயிற்றுக் கட்டிலும் வெறுந்தரையும் வேண்டாம். தொய்யாத மெத்தை போதும். எழும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கி, கையை ஊன்றி எழுங்கள்.

உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைப் பிறகு எடுக்க வேண்டுமா? எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?
வாசகர், திருநெல்வேலி

தொற்றோ தளர்வோ உறுத்தலோ இல்லாதவரை எடுக்கத் தேவையில்லை. டைட்டானியமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்க்ரூ உள்ள இடத்தில் படம் சற்றுத் தெளிவில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். என்ன உலோகம், எந்த எலும்புகளில், எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது என்ற விவரம் மருத்துவமனை தந்த வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) இருக்கும். அதன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கேன் எடுக்குமுன் அங்குள்ளவர்களிடம் காட்டுங்கள்.