சுப்பவைசரைத் தேடேக்க பேப்பர் எண்ணிக்கையை நம்பாதீங்கோ

அக்கா, உங்கட மெசேஜ் பாத்தன். மகளை எம்ஃபில் செய்ய ஒரு சேர் கூப்பிட்டிருக்கிறார், அவருக்கு எக்கச்சக்கமா ஆராய்ச்சிப் பேப்பர் இருக்கு, ஓம் சொல்லட்டோ எண்டு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் பொறுங்கோ.

பேப்பர் கூடினா ப்ரொமோஷனுக்குப் புள்ளி கூடும், அதால எண்ணிக்கையை மட்டும் வச்சு ஆளை எடைபோடேலாது. இரவைக்கு மகளோட இருந்து அவரிண்ட பேப்பரெல்லாம் பட்டியலா வாற கூகுள் ஸ்கொலர் பக்கத்தைத் திறந்து, ஆரிண்ட பேர் முதல்ல வருது எண்டு பாருங்கோ. பயோமெடிக்கல் பக்கம் வழமையா வேலை செய்த பிள்ளையிண்ட பேர் முதல்ல, வழிநடத்தின ஆள் கடைசியில. அவரிட்ட தீசிஸ் செய்த பிள்ளையள் நடுவில எங்கயோ ஒளிஞ்சு கிடக்கினம், இல்லாட்டி ஆளே இல்லை எண்டா, நானெண்டா அதுக்கு மேல பாக்கமாட்டன். மெடிக்கல் ஜேர்னல்கள் பாக்கிற ஐசிஎம்ஜேஈ (மெடிக்கல் ஜேர்னல் எடிட்டர்மாரிண்ட சர்வதேச கமிட்டி) விதிப்படி ரிசேர்ச்சுக்குக் காசு எடுத்துத் தந்தா மட்டும் ஆதர் ஆகேலாது, வேலையில கணிசமான பங்கு, எழுத்தில பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், கேள்வி வந்தா பொறுப்பு, நாலும் வேணும். நடக்கிறது வேற கதை எண்டு இந்த ஊர்க் கம்பஸுகளில இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பிறகு, எந்த ஜேர்னல்ல போடுறார்? "ஒரு கிழமைல போட்டுத் தாறம், டொலர்ல கட்டுங்கோ" எண்டு ஈமெயில் அடிக்கிற இடங்கள்தான் கூடவெண்டா யோசியுங்கோ. காசு கேக்கிறதெல்லாம் கள்ளம் இல்லை, ஆரும் காசில்லாம வாசிக்கக்கூடிய நல்ல ஓப்பன் அக்சஸ் ஜேர்னலும் வாங்கும், ஆனா ஒழுங்கான பியர் ரிவியூ, அதாவது அந்தத் துறை ஆக்கள் வாசிச்சுப் பிழை பாக்கிறது, ஒரு கிழமைல முடியிறது நடக்கிற காரியமே? திருப்பி எடுத்த பேப்பர்களைப் பதிஞ்சு வைக்கிற ரிட்ராக்ஷன் வொச் டேட்டாபேஸ் இலவசம், அதிலயும் அவரிண்ட பேரைப் போட்டுப் பாருங்கோ. ஒண்டு வந்த உடன பயப்பட வேண்டாம், காரணத்தை வாசியுங்கோ, தாங்களே பிழையைக் கண்டு பேப்பரைத் திருப்பி எடுக்கிற ஆக்களும் இருக்கினம், எனக்கு அவையில மரியாதை.

நோயாளியிட்ட ரத்தம் எடுக்கிறதோ வினாக்கொத்து குடுக்கிறதோ, எதிக்ஸ் கமிட்டி அனுமதி டேட்டா எடுக்க முதலே கையில இருக்கவேணும். "அதைப் பிறகு பாப்பம் பிள்ளை" எண்டு சேர் சொன்னா அங்க மகளுக்கு வேலை இல்லை. ஜேர்னல் அந்த அனுமதி நம்பரைக் கேக்கேக்க முழிக்கப்போறது அவதான்.

அவரிட்ட முடிச்சு வெளிய போன ரெண்டு மூண்டு பேரோட மகள் கதைக்கட்டும். இப்ப லாப்ல நிக்கிற ஆக்கள் வாய் திறக்கமாட்டினம். எத்தினை வருஷம் இழுத்தது, முதல் பேர் குடுத்தவரோ எண்டு கேட்டாக் காணும். அதுக்குப் பிறகு சேரை நேர கண்டு ஆதர்ஷிப் பற்றிக் கதைச்சிட்டு, கதைச்சதை அண்டைக்கே சின்ன ஈமெயிலா அவருக்குப் போடச் சொல்லுங்கோ. மகளே கேக்கட்டும், நீங்க அவருக்குக் கோல் எடுக்காதீங்க அக்கா.