டி-சர்ட்டின் கார்பன் தடம்: எது உள்ளே, எது வெளியே?

எங்களிடம் கட்டிங், தையல், பேக்கிங் மட்டும்தான். நிட்டிங்கும் சாயமும் ஜாப் ஒர்க், வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்கிறோம். வெளிநாட்டு பையர் டி-சர்ட்டுக்குக் கார்பன் தடம், அதாவது அதைச் செய்வதில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் மொத்தக் கணக்கு, கேட்கிறார். எங்கள் மின்கட்டண ரசீதை வைத்துக் கணக்கு போட்டால் போதாதா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

போதாது. ரசீது உங்கள் நிறுவனத்தின் கணக்கு. பையர் கேட்பது சட்டையின் கணக்கு. பொருளின் கார்பன் தடத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14067-இன்படி, யாருடைய கூரைக்குக் கீழே நடந்தாலும் அந்தச் சட்டைக்காக நடந்த வேலை உள்ளே வரவேண்டும். தையலுக்கு ஆகும் மின்சாரம் சொற்பம். வயலில் போட்ட யூரியா, நூற்பாலை, சாயத்துக்கான நீராவி ஆகியவற்றில்தான் சுமை.

முதலில் எல்லையை பையரிடம் எழுத்தில் வாங்குங்கள்: வயல் முதல் உங்கள் வாசல் வரையா, துவைத்து உடுத்தி எறியும் வரையா? வாசலோடு நிறுத்தினால் அது பகுதித் தடம் என்று அறிக்கையிலேயே சொல்லவேண்டும்.

அடுத்தது எடை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சட்டை 150 கிராம் என்றால் பஞ்சும் 150 கிராம் என்று போட்டுவிடுகிறார்கள். பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். கட்டிங்கில் 15 சதவீதம் கழிந்தால் துணி 176 கிராம். நிட்டிங், சாயத்தில் 5 சதவீதம் போனால் நூல் 186. நூற்பாலையில் 15 சதவீதம் போனால் பஞ்சு 219 கிராம். இவை உதாரண விகிதங்கள். உங்கள் லாட்டின் (ஒரே தொகுதியாக ஓடிய சரக்கின்) எடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 150 என்று போட்டவர் பஞ்சின் சுமையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிலிருந்து நழுவவிட்டிருப்பார்.

வயல் கணக்கைப் பஞ்சுக்கும் விதைக்கும் பிரிப்பதையும் கவனியுங்கள். 100 கிலோ பருத்தியில் பஞ்சு சுமார் 35 கிலோதான், மீதி பெரும்பாலும் விதை. எடைப்படி பிரித்தால் பஞ்சுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமைதான் வரும். விலைப்படி பிரித்தால் பெரும்பங்கு பஞ்சின் தலையில் விழும். எந்த முறை என்று சொல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

சாயப்பட்டறையில் விறகு பாய்லர்தான். விறகுக்குப் பூஜ்யம் போடலாமா? கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அது எங்களுடையது அல்லவே?
– சாயப்பட்டறை மேலாளர்

முழுப் பூஜ்யம் தவறு. விறகு எரிந்து வரும் கரியமில வாயுவைத் தனி வரியில் காட்டவேண்டும். எரியும்போது வரும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு, விறகு ஏற்றிவந்த லாரியின் டீசல் எல்லாம் வழக்கமான கணக்கில் சேரும்.

சுத்திகரிப்பு நிலையத்தை விடவே கூடாது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டு நீரும் வெளியே விடாத முறையில்தான் இங்கே சாயத்தொழில் நடக்கிறது. கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் மின்சாரத்தையும் நீராவியையும் ஏராளமாக இழுக்கும். நொய்யல் ஆற்றைக் காக்க ஆகும் அந்தச் செலவு சட்டையின் கணக்கில் நேர்மையாகத் தெரியவேண்டும். நிலையத்தின் மாத மின்சாரத்தையும் எரிபொருளையும் அந்த மாதம் வந்த மொத்தக் கழிவுநீரால் வகுத்து, உங்கள் லாட் அனுப்பிய லிட்டரால் பெருக்குங்கள். கழிவுநீரிலிருந்து மீட்ட உப்பைத் திரும்பப் பயன்படுத்தினால், புதிதாக வாங்கிய உப்பை மட்டும் சேருங்கள். அதற்கு மேல் ‘உப்பு மிச்சம்’ என்று தனியாகக் கழித்தால் அதே பலனை இரண்டு முறை எடுத்ததாகிவிடும்.

எங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறது. மின்சாரத்துக்குக் குறைவாகப் போடலாமா?

அந்த யூனிட்டுகள் உங்கள் மில் கணக்கில் ஈடுகட்டப்பட்டால் போடலாம். மின்வாரியத்துக்கு விற்றிருந்தால், அல்லது அதற்கான பசுமைச் சான்றிதழை (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பதற்கான சான்றை) வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் முடியாது. அந்தப் பலன் வாங்கியவருடையது. வாரிய மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் எண், யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. அதில் நிலக்கரி தோண்டும்போது வரும் உமிழ்வும் கம்பி இழப்பும் இல்லை. இரண்டையும் சேர்க்கவேண்டும்.

ஊழியர் வேன், லேபிள், பட்டன், பாலிபேக் எல்லாம் வேண்டுமா?

ஊழியர் வீட்டிலிருந்து வரும் பயணத்தையும், இயந்திரம் செய்யப்பட்ட கணக்கையும் பி.ஏ.எஸ். 2050 (கார்பன் தடத்துக்கான பிரிட்டிஷ் விதிமுறை) வெளியே விடுகிறது. லேபிள், பட்டன், பாலிபேக் சட்டையோடு போகிறவை, உள்ளேதான். ஒரு சதவீதத்துக்குக் குறைவானதை விடலாம் என்ற அதன் விதியைப் பலர் பாதி மட்டுமே படிக்கிறார்கள். விட்டது போக, எதிர்பார்க்கும் மொத்தத்தில் 95 சதவீதமாவது கணக்கில் நிற்கவேண்டும். அந்தச் சதவீதம் எடையில் அல்ல, உமிழ்வில். ஆகவே முதலில் எல்லாவற்றுக்கும் தோராய எண் போட்டுப் பார்த்த பிறகே எதையும் விடுங்கள். விட்டதன் பட்டியலையும் காரணத்தையும் அறிக்கையில் எழுதுங்கள்.

வளாகத்தில் நட்ட மரங்களைக் கழிக்கலாமா?

கூடாது. ஓரிடத்து உமிழ்வுக்கு ஈடாக மரம் நடுவது போன்ற ஈடுசெய்தல் தடக் கணக்குக்கு வெளியே. மரங்களை நடுங்கள், வேறு பக்கத்தில் சொல்லுங்கள்.