ஆயில் மாற்றக்கூட ஷோரூம்தானா? பைக் பராமரிப்பு கேள்வி–பதில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். ஸ்ப்ளெண்டர் வாங்கி ஆறு வருடம் ஆகிறது, வாரண்டி முடிந்துவிட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் டவுனில் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தால் அன்றைய வேலை கெடுகிறது. ஆயிலையாவது வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆயில், ஏர் ஃபில்டர், செயின் மூன்றும் வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைகள்தான்.

வாங்க வேண்டியவை: 17 நம்பர் ரிங் பானா, டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், புனல், அகலமான பழைய டப்பா, ஆயில். உங்கள் வண்டிக்கு 10டபிள்யூ-30. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) என்ற தரக்குறி இருக்க வேண்டும். ‘எம்பி’ (MB) என்றால் அது ஸ்கூட்டர் ஆயில், வேண்டாம். கார் ஆயில் மிச்சம் இருந்தாலும் ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்கல் மருந்து கிளட்ச்சை நழுவ வைக்கும். அப்புறம் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடான ஆயில்தான் கசடோடு இறங்கும். சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, மேலே டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் திறங்கள். சொட்டு நின்றதும் சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை நாலைந்து முறை மிதித்தால் உள்ளே தங்கியதும் வந்துவிடும். வந்த ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சரி. டீ நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிய ரோட்டில் ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அப்படி என்றால் புது ஆயிலைச் சில நாளிலேயே இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

பலரும் கெடுத்துக்கொள்ளும் இடம் போல்ட்டைத் திரும்பப் போடுவதுதான். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. எடுத்த எடுப்பில் பானா போட்டுத் திருகினால் மரை கோணலாக ஏறி அறுந்துவிடும். பிறகு லேத் பட்டறைக்குப் போய்ப் புது மரை போட வேண்டும். விரலால் நான்கு சுற்றாவது சுலபமாக ஏற வேண்டும், அதன்பிறகே பானா. பானாவில் பைப் செருகி இறுக்கவே கூடாது. ஒரு கையால் இறுக்கும் இறுக்கம் போதும்.

முதலில் 700 மி.லி. ஊற்றுங்கள். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்து, இன்னும் இரண்டு நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுங்கள். மேல் கோடு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். 900 மி.லி. டப்பாவை அப்படியே கவிழ்க்க வேண்டாம். கோட்டைத் தாண்டினால் ஆயில் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும்.

ஸ்ப்ளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் பக்க மூடிக்குள் வலை இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யக் கேஸ்கெட் மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ கொட்டாதீர்கள். அது தண்ணீரோடு நேராக வயலுக்குத்தான் போகும். டப்பாவில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி: ஒரத்தநாடு. அறுவடைக் காலத்தில் வண்டி திணறுகிறது. ஏர் ஃபில்டரை பங்க்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: எந்த வகை ஃபில்டர் என்று முதலில் பாருங்கள். தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும் காகித ஃபில்டருக்குக் காற்றடிக்கவோ கழுவவோ கூடாது. அந்த எண்ணெய்ப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும். நுரை ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டலாம். கதிர் அறுக்கும் மெஷின் ஓடும் வயலோரம் தினமும் போகிற வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கி.மீ. கணக்கு பொருந்தாது. அறுவடை முடிந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி. செயின் சீக்கிரம் தேய்கிறது. பழைய எஞ்சின் ஆயிலைத்தான் விடுகிறேன். அது தவறா?

பதில்: தவறுதான். பழைய ஆயிலில் இரும்புப் பொடி இருக்கிறது. வயல் மண்ணும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, துணியால் துடைத்துவிட்டு, 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் போட்டு எஞ்சின் ஓட்டத்தில் துடைத்தால் விரல் போய்விடும்.

செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் தொய்வு பார்க்கலாம். மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அதிக இறுக்கமான இடத்தில் அளந்து பாருங்கள். இரு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நெல் மூட்டை ஏற்றுபவர்கள் சத்தத்துக்குப் பயந்து விறைப்பாக வைத்துவிடுகிறார்கள். பாரம் ஏறியதும் அது இன்னும் இறுகி பேரிங்கைத் தின்னும். சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் டிரம் பிரேக்கும் இறுகும், ஆகவே பின் பிரேக் மிதியின் தளர்வையும் சரிசெய்யுங்கள். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினோடு செட்டாகவே மாற்ற வேண்டும்; புதுச் செயின் மட்டும் போட்டால் அதுவும் வீண்.

ரோட்டில் வைக்கோல் காயப்போடும் நாட்களில் வீடு வந்ததும் பின் ஆக்சிலைப் பாருங்கள். வைக்கோல் தாள் கயிறாக முறுக்கிச் சீலுக்குள் இறங்கியிருக்கும். சைலன்சரில் ஒட்டியதையும் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: நாகப்பட்டினம். புது வண்டி, எட்டு மாதம். வெளியில் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அவர்கள் பில்லில் போட்ட பொருளை மாற்றினார்களா என்பதே சந்தேகம்.

பதில்: வாரண்டி ஓடும்வரை சர்வீஸை அங்கேயே செய்யுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. செயின் துடைப்பது, டயர் காற்று பார்ப்பது இவற்றை நீங்களே செய்வதால் ஒன்றும் ஆகாது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் செய்தே ஆக வேண்டும். இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தரவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாததற்குக் காசு வாங்கியிருந்தால் பில்லோடு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.