கிளையண்ட் வீட்டை ஏஜெண்டே வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல லைசென்ஸ் உள்ள வீட்டு ஏஜெண்ட் நான். ரிசர்வாயர் ஹில்ஸ்ல ஒரு வயசான அம்மா வீட்டை விக்கச் சொல்லி சோல் மேண்டேட் (வேற ஏஜெண்ட் இல்லாம எனக்கு மட்டும் விக்குற உரிமை) குடுத்திருக்காங்க. நானே வாங்கி ரிப்பேர் பண்ணி வித்தா நல்ல லாபம் வரும். மனைவி பேர்ல ஆஃபர் போடலாமா?

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனா மறைச்சு வாங்கக்கூடாது. மனைவி பேரு, மச்சான் பேரு, ட்ரஸ்ட், கம்பெனின்னு எதுல போட்டாலும் சுத்தி வளைச்சு பங்கு உங்களுதுதானே. 2022 பிப்ரவரி 1-லேர்ந்து நடைமுறையில இருக்குற ப்ராப்பர்ட்டி ப்ராக்டிஷனர்ஸ் சட்டத்தோட (நம்ம மாதிரி ஏஜெண்டுங்களுக்கான சட்டம்) நடத்தை விதியும் சரி, கோர்ட்டுங்க காலங்காலமா சொல்றதும் சரி, உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான்: அந்தம்மாவுக்கு எல்லாம் முழுசா தெரிஞ்சிருக்கணும், சம்மதம் எழுத்துல இருக்கணும்.

1921-லயே இதுக்கு ஒரு பெரிய கேஸ் இருக்கு. ராண்ட்ஃபொண்டெய்ன் தங்கச் சுரங்க கம்பெனித் தலைவர் ஜோசப் ராபின்சன், கம்பெனிக்குத் தேவைப்பட்ட பண்ணையை தான் வாங்கி அதே கம்பெனிக்கு விலை ஏத்தி வித்தாரு, லாபத்தைக் கம்பெனிகிட்டயே குடுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அவரு வித்தாரு, நீங்க வாங்குறீங்க, ஆனா நம்பினவங்க தலையில லாபம் பாக்கக்கூடாதுங்குறது ரெண்டு பக்கமும் பொருந்தும்.

உங்க கேஸ்ல சிக்கலே விலைதான். அந்தம்மா "எவ்வளவு போகும்யா?"ன்னு உங்களைத்தான் கேப்பாங்க, நீங்க 14 லட்சம் ராண்டுன்னு சொல்லி நீங்களே எடுத்துட்டு, பெயிண்ட் அடிச்சு கிச்சன் மாத்தி ஆறு மாசத்துல 19-க்கு வித்தா, ரெண்டு விலையும் தேதியோட பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆஃபீஸ்ல (பத்திரப் பதிவு அலுவலகத்துல) பதிவாயிடும், ஜோகன்னஸ்பர்க்ல இருக்குற மகன் ஒருநாள் அதை எடுத்துப் பாப்பான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு ரெண்டுமா இருக்க முடியாது. அதனால ஆஃபருக்கு முன்னாடியே மேண்டேட்டை எழுதி ரத்து பண்ணிடுங்க, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேல்யூவர் விலை சொல்லட்டும், அந்தம்மா தன்னோட வக்கீலையோ பிள்ளைங்களையோ கேட்டுக்கட்டும். கமிஷன் கேக்காதீங்க, என்னைக் கேட்டா அது கேவலம்.

லெட்டர்ல "வாங்குறவர் எனக்குத் தெரிஞ்சவர்"னு மழுப்பாம, "வாங்குறது என் மனைவி, பணம் என்னுது, ரிப்பேர் பண்ணி லாபத்துக்கு விக்கப்போறேன்"னு நேரடியா எழுதுங்க. இதை எழுதக் கை கூசுதுன்னா அந்த டீலே வேணாம். யாராவது கம்ப்ளெயிண்ட் குடுத்தா ஏஜெண்டுங்களைக் கண்காணிக்கிற அத்தாரிட்டி அபராதம் போடலாம், தொழில் பண்ண வேண்டிய ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட்டுக்கே ஆபத்து வரலாம், அது இல்லாம இந்தத் தொழில்ல கமிஷனே வாங்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், திருப்பி விக்கும்போதும் வீடு உங்களுதுன்னு வாங்குறவங்களுக்கு எழுத்துல சொல்லிடணும். வாங்கி விக்குறதையே தொழிலா பண்ணினா கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சட்டம் குறுக்க வரும், ஃபூட்ஸ்டூட்ஸ்னு (குறையோட இருக்குற நிலையிலயே விக்குறேன்னு அர்த்தம்) ஒரு வார்த்தை போட்டு ஒழுகுற கூரைக்குப் பொறுப்பில்லைன்னு கைய விரிக்க முடியாது.